தைக்காமல் விட்ட காயம்

என் அண்ணனுக்கு இடது காலில் மூன்று விரல்கள் இல்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று பாராடாங் தீவின் ஜெட்டியில் படகுக்குக் காத்து நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் அந்த ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவன் சொல்வதை நம்பாதவர்கள் அங்கே மிகக் குறைவு.

எங்கள் அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இந்தத் தீவுகளின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அண்ணன் எட்டாவதோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். என்னை நர்ஸிங் படிக்க வைத்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, அந்தக் காயம் வரும்வரை.

அவன் சுற்றுலாப் பயணிகளைச் சுண்ணாம்புக் குகைக்குக் கூட்டிப்போகும் ஸ்பீட் போட் ஓட்டினான். ஒரு பிப்ரவரி மதியம், கடல் வற்றியிருந்த நேரத்தில், கண்டல் மரங்களுக்கு நடுவே படகு தரை தட்டிவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கித் தள்ளியிருக்கிறான். கல்லில் ஒட்டியிருந்த சிப்பி, சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கிப் பாதத்தின் ஓரமாக நாலு விரற்கடை நீளத்துக்குக் கிழித்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு, கூட ஓட்டும் இரண்டு பேரின் தோளைப் பிடித்தபடி சுகாதார நிலையத்துக்கு வந்தான். பின்னாலேயே அண்ணியும் ஓடிவந்தாள்.

டாக்டர் மீட்டிங்குக்காகப் போர்ட் பிளேர் போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் தையல் போடுவது நான்தான். பயிற்சிக் காலத்தில் கோழித்தோலை வாங்கி வைத்துப் பழகிய கை. தலையில் வெட்டென்றால் தடித்த நூல், ஒரு வாரத்தில் பிரித்துவிடலாம். முகத்துக்கு முடி மாதிரி மெல்லிய நூல், நெருக்க நெருக்கமாகப் போட்டு ஐந்தாம் நாளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏணிப்படி போலத் தழும்பு விழும். முழங்கால், பாதம் மாதிரி இழுபடும் இடங்களில் ஒற்றைத் தையல் நிற்காது. ஊசியைத் தள்ளிக் குத்தி ஆழமாகக் கொண்டுபோய், திரும்பும்போது விளிம்பை ஒட்டி எடுக்கிற மெத்தைத் தையல் போட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எந்தக் காயத்தைத் தைக்கக் கூடாது என்பதும் தெரியும்.

அண்ணனின் காலை இரண்டு பாட்டில் சலைன் விட்டுக் கழுவினேன். கழுவக் கழுவக் கருஞ்சேறும் சிப்பித் துணுக்கும் வந்துகொண்டே இருந்தன. டாக்டருக்குப் போன் செய்தேன். திறந்தே விடு, தினமும் கழுவிக் கட்டு, நாலு நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் தைத்துக்கொள்ளலாம் என்றார். நான் நினைத்ததும் அதுதான்.

"டாங்கா போடு," என்றான் அண்ணன். தையலுக்கு இங்கே எல்லோரும் சொல்கிற இந்தி வார்த்தை அது.

"இப்ப போடக் கூடாது அண்ணே. உள்ள சேறு நிக்குது. நாலு நாள் போகட்டும்."

"நாளைக்கு ரெண்டு ட்ரிப் இருக்கு. சீசன்ல நாலு நாள் உக்கார முடியுமா? போன வாரம் எவனோ மெயின்லேண்ட்காரனுக்கு மண்டையில அஞ்சு டாங்கா போட்ட. கூடப் பொறந்தவனுக்குப் போட மாட்டியா?"

தலைக்காயம் வேறு, இது வேறு என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். மேலே மூடினால் உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வர வழியில்லாமல் சீழ் பிடிக்கும் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. "நீ நர்ஸா, நான் நர்ஸா?" என்று கேட்டுவிட்டேன், அவனோடு வந்த இரண்டு பேருக்கும் முன்னால். ஊசி போட்டேன், மாத்திரை கொடுத்தேன், ஈரத்துணி வைத்துக் கட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலை கட்டு மாற்ற வரவில்லை. காட்டுச் சாலையில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து விடுகிற முதல் கான்வாயிலேயே போர்ட் பிளேர் போய்விட்டான் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அங்கே ஜங்லிகாட் பகுதியில் ஒரு சந்துக்குள் ஒருவர் கிளினிக் வைத்திருந்தார். முன்பு எங்கோ கம்பவுண்டராக இருந்தவர், எதைக் கொண்டுபோனாலும் தைத்துக் கொடுப்பார் என்று அண்ணியின் உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கடுத்த நாள் அவனே சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்தான். காட்டுவதற்காகத்தான் வந்தான். கட்டைப் பிரித்தான். எட்டு மெத்தைத் தையல்கள். இடைவெளி அளந்து வைத்தது போல இருந்தது, முடிச்செல்லாம் ஒரே பக்கம். அவ்வளவு அழகாக என்னால் போட்டிருக்க முடியாது. ஓரத்தை விரலால் தொட்டேன். தோல் பளபளவென்று இறுகி, சுட்டது. அவன் பல்லைக் கடித்தான்.

"ரெண்டு டாங்காவயாவது இப்பவே பிரிக்கணும்," என்றேன்.

"நல்லா இருக்கிறத ஏன் பிரிக்கணும்?" என்றாள் அண்ணி. இன்னொருவர் செய்ததை இவளால் பொறுக்க முடியவில்லை என்று அவன் முணுமுணுத்தான். கட்டைத் தானே சுற்றிக்கொண்டு எழுந்து போனான்.

நான் பின்னால் போகவில்லை. டாக்டர் அன்றும் வந்திருக்கவில்லை, அவருக்குப் போன் செய்து அண்ணனிடம் பேசச் சொல்லவுமில்லை. பட்டுத் திருந்தட்டும் என்று நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நாளில் காய்ச்சல். அண்ணி ஆள் அனுப்பி நான் போனபோது கணுக்கால்வரை வீங்கி, தையலுக்கு நடுவே தோல் நீலம் பாய்ந்திருந்தது. முதல் நூலை வெட்டியதுமே சீழ் பீய்ச்சியது. எட்டையும் வெட்டினேன். ஆம்புலன்ஸை ஃபெர்ரியில் ஏற்றி அக்கரை போய்ப் போர்ட் பிளேர் சேர்வதற்குள் அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் அந்தக் காயத்தைத் தைக்காமல், திறந்தே வைத்துத் தினமும் கழுவினார்கள். முதலிலேயே மூடியது தப்பு என்று அங்கிருந்த டாக்டர் அவனிடமே சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தலையாட்டினான்.

ஊருக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. முதல் நாளே தங்கச்சி தைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஜங்லிகாட்காரரிடம் போனபோதே நேரம் கடந்துவிட்டது என்றான். அந்த ஜங்லிகாட்காரர் ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். நல்ல மனிதர் என்று அண்ணி சொன்னாள். நான் லீவு போட்டுக் கூட இருந்து அவனுக்கு மலம் மூத்திரம் எடுத்ததை யாரும் சொல்லவில்லை.

இப்போது அவன் போட் ஓட்டுவதில்லை, கவுண்டரில் டிக்கெட் கிழிக்கிறான். வெட்டுக்காயத்தோடு வருகிறவர்கள், "எனக்காவது டாங்கா போடுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை நீட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

போன வருஷம் அவன் மகள், எட்டு வயது, ஜெட்டிப் படியில் விழுந்து முகவாய் பிளந்து வந்தாள். அன்றும் டாக்டர் இல்லை. அதனால்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். சுத்தமான காயம், விளிம்பு நேராக இருந்தது. மெல்லிய நூலில் ஐந்து தையல் போட்டேன். பிள்ளை என் யூனிஃபார்மைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. முடியும்வரை வெளியே நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்து குனிந்து, அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஒனக்குத் தெரியாம இல்ல," என்றான். "எனக்குத்தான் போடல."

அவனுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். "அஞ்சாவது நாள் கூட்டிட்டு வாங்க, பிரிக்கணும்," என்று அண்ணியிடம் சொன்னேன்.

ஐந்தாவது நாள் யாரும் வரவில்லை. பிள்ளையை ஜங்லிகாட்டுக்குக் கூட்டிப்போய், அந்தக் கிளினிக்கிலேயே பிரித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறாள். தழும்பு எப்படி வந்திருக்கிறது என்று இதுவரை கிட்டே போய்ப் பார்த்ததில்லை.