பெரியம்மாவின் பொட்டு

நேற்று மகன் என்னைக் கூட்டிப்போன கடற்கரை ஹோட்டலில், கிராமமாம் என்று ஓலைக் குடிசை ஒன்று போட்டிருந்தார்கள். அதற்குள் பட்டுச் சேலையும் பொட்டுமாக ஒரு பெண் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பால் கருகும் வாசத்தில் எனக்குச் சின்ன வயதில் இருந்த கொழும்புக் கொட்டாஞ்சேனை நினைவுக்கு வந்துவிட்டது.

வெள்ளைக்காரர் ஆண்ட கடைசி வருசங்கள். புருசனை இழந்த என் பெரியம்மா, வெள்ளைச் சேலையோடு எங்கள் விறாந்தையில் குந்தியிருந்து விடியற்காலையில் அப்பம் சுடுவா. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே உறைப்பான கட்டச்சம்பலோடு தின்பார்கள்.

பிறகு துறைமுகத்தடி ஹோட்டல் ஒன்று, பின்னேரங்களில் கப்பல் பயணிகளுக்கு முன்னால் அப்பம் சுட அவவைக் கூப்பிட்டது. வெள்ளைச் சேலை துரைமாருக்குப் பிடிக்காதாம். சிவப்புச் சேலை உடுத்தி, பூ வைத்து, பொட்டும் இட்டுவிட்டார்கள். திரும்பி வருமுன் எல்லாவற்றையும் களைந்து, நெற்றியையும் கழுவிவிடுவா.

ஒருநாள் நெற்றியை மறந்துபோனா.

"ஆருக்கடி இந்தப் பொட்டு?" என்று முன்வீட்டு மாமி ஒழுங்கைச் சனம் எல்லாருக்கும் கேட்கக் கத்தினா.

பெரியம்மா சேலைத் தலைப்பால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றா. அடுத்தநாள் சுட்ட அப்பம் ஒருத்தரும் தொடாமல் அப்படியே கிடந்தது. பிறகு விறாந்தை அடுப்பை அவ மூட்டவேயில்லை.

ஓலைக் குடிசையில் அந்தப் பெண் என் தட்டில் அப்பத்தை வைத்தாள்.

"பொட்டு நல்ல வடிவு, பிள்ளை."

சிரித்தாள். "நாங்க முஸ்லிம், அம்மா. பொட்டு வெக்கிறல்ல. இது ஹோட்டல்ல வெக்கச் சொன்னது. வீட்ட போக முந்தி கழட்டிருவன்."

"மறந்துபோகாதை, பிள்ளை" என்றேன்.