முப்பத்தேழு பாகை ஒஸ்வால்ட்

என் கணவர் ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டுபவர். வயது ஐம்பத்து நான்கு, எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. விஞ்ஞானத்துக்கு அவர் செய்த தொண்டை வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

நாட்டில் பெற்றோலும் டீசலும் கிடைக்காத 2022இல் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே இரசாயனவியலில் முதுமாணிப் பட்டத்துக்காக மாரடித்துக்கொண்டிருந்தேன். செம்பைச் சேர்த்து நான் செய்த பச்சைத் தூள், டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையில் போய்ச் செருகிக்கொள்ளும். அதை நிரூபித்தாயிற்று. பக்டீரியாவையும் கொல்லுமா என்பதுதான் மிச்சம். பக்டீரியா பூசிய தட்டில், தூளைக் கரைத்து நனைத்த கடதாசி வட்டை வைத்து, முப்பத்தேழு பாகைச் சூட்டில் பதினெட்டு மணித்தியாலம் விட வேண்டும். கொன்றால் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் வரும்.

வெள்ளிக்கிழமை அந்த வளையத்தைக் காட்டாவிட்டால் என் பதிவு ரத்து. வியாழக்கிழமை பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சூடாக்கும் பெட்டி செத்துக் கிடந்தது.

தீங்கில்லாத வகைக் கிருமிதான். தட்டை மூடி ஒட்டி, மூன்று பைகளுக்குள் போட்டு, வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு ஒருகொடவத்தைக்குப் போனேன். அங்கே பெற்றோல் கியூவில் ஒஸ்வால்ட் இரண்டாவது நாளாக ஓட்டோவுக்குள் குந்தியிருந்தார்.

"சும்மாதானே இருக்கிறீங்கள்," என்று சொல்லித் தட்டை அவர் வயிற்றில் வைத்துத் துவாயால் கட்டினேன்.

"எப்ப கழட்டலாம்?"

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு. குனியக் கூடாது."

கொஞ்ச நேரத்தில் துவாய்க்குள் வெப்பமானி முப்பத்தேழைத் தொட்டது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கியூ நகர்ந்தபோது எல்லாரும் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள், இவரைத் தவிர. பின்னால் நின்ற ஓட்டோக்காரர் மஷூர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, ஒபரேஷனா?"

ஒஸ்வால்ட்டுக்குப் பொய் வராது. "கிருமி," என்றார்.

"வயித்துக்குள்ளயா?"

"வெளியில."

மஷூர் வெலவெலத்துப் போனார். "நீங்க இறங்க வேணாம் அண்ணே. நாங்க தள்ளுறோம்."

அதன் பிறகு அவரும் இன்னும் நாலு பேரும் ஓட்டோவைத் தொட்டில் மாதிரி மெல்லத் தள்ளினார்கள். யாரோ கஞ்சி கொண்டுவந்தார்கள். நோயாளி மூன்று கோப்பை குடித்தார்.

காலை எட்டு மணிக்கு அவிழ்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்கவென்று வைத்த மருந்தில்லாத வட்டைச் சுற்றி ஒன்றுமில்லை. என் செம்பு வட்டைச் சுற்றிப் பளிச்சென்று வளையம். அளந்தேன். பதினேழு மில்லிமீற்றர். நடுத்தெருவில் அவருடைய வழுக்கைத் தலையில் முத்தமிட்டேன். கியூ முழுவதும் கைதட்டியது.

என் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியை அருந்ததியிடம் தட்டைக் காட்டி, நடந்ததையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இதை எழுத ஏலாது. ஆனா ஒரு மாசம் தாறன், பெட்டியில திருப்பிச் செய்யும்."

திருப்பிச் செய்தபோது பெட்டி தந்தது பதினெட்டு மில்லிமீற்றர். ஆய்வேட்டில் ஏறியதும் அதுதான். இதை ஒஸ்வால்ட்டிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. "ஆனா எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது உங்கட பதினேழுதான்," என்று சேர்த்துச் சொன்னேன்.

ஒஸ்வால்ட் வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அந்த ஒரு மில்லிமீற்றர்," என்றார், "மஷூர் தள்ளினதில போயிருக்கும்."