குவாதரிலிருந்து ஷார்ஜாவுக்கு

கடலைக்காட்டில் நின்றுகொண்டிருந்தபோது, நம் போஸ்ட்மாஸ்டர் நாச்சிமுத்து காலமான செய்தியைத் தபால்காரர் வந்து சொன்னார். மல்லசமுத்திரம் வாசகசாலையில் கூடியிருக்கும் நீங்கள் என்னையும் பேசச் சொன்னீர்கள். பேச வராது, எழுதிப் படிக்கிறேன். நடுவில் யாரும் சிரிக்க வேண்டாம். அந்த வருஷம் சிரித்ததே போதும்.

தபாலைப் பற்றி அவர் பொய் சொல்லமாட்டார். ரங்கூனுக்குப் போன மகனின் கடிதத்துக்காக ஒரு பெரியவர் தினமும் வந்து நிற்பார். வழியில் இருக்கிறது என்றாவது சொல்லக்கூடாதா என்று நான் கேட்டேன். "வரலைன்னா வரலைதானுங்க. மாத்திச் சொல்லறதுக்கு என்னைய இங்கே உக்கார வெக்கலீங்க" என்றார். ஆனால் பெரியவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, மகனுக்குத் தானே ஒரு கடிதம் எழுதிப் போட்டார்.

எங்கள் சண்டை உங்களுக்குத் தெரியும். சீமைக்குப் போகும் விமானத் தபாலின் கால அட்டவணை தபாலாபீசில் ஒட்டியிருந்தது. வழியில் குவாதர், ஷார்ஜா என்று இரண்டு விமான நிலையங்கள். இரண்டும் கடலோரத்து மணல்காடு. இங்கே தொங்கும் தேசப்படத்தில் நானே நூல் பிடித்து அளந்தேன். நானூறு மைலுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அட்டவணைப்படி போக நாலு மணி நேரம், திரும்ப ஐந்து. கீழ்க்காற்று போகும்போது தள்ளுகிறது, வரும்போது மறிக்கிறது என்றேன்.

"ஏனுங்க கவுண்டரே, நம்ம ஆடிக்காத்து மேக்கேயிருந்து வருது. அங்கே மட்டும் திரும்பி அடிக்குதுங்களா?" என்று கேட்டார் அவர். குவாதரில் விடிந்து அரை மணி கழித்துத்தான் ஷார்ஜாவில் விடியும், அதனால் அந்த ஊர்க் கடியாரம் பின்தங்கியிருக்கும் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு இது எங்கே விளங்கும் என்று நீங்கள் சிரித்தீர்கள். நான் சொன்னது தப்பென்றால் இந்த வாசகசாலைப் படியேறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பத்திரிகையை எழுத்துக்கூட்டி நான் படிக்கக் கற்றதே இங்கேதான். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கமும் எனக்கு இல்லை.

அவர் விமானக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், பதில் வந்த உறையோடு என் காட்டுக்கு நடந்தே வந்தார். உறையைப் பிரிக்கவில்லை. "நீங்களே பிரிங்க" என்றார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, ஆனாலும் புரிந்தது. அட்டவணையில் இருப்பது அந்தந்த ஊர் மணி. எந்தப் பக்கம் பறந்தாலும் நாலரை மணி நேரம்தான். நான் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஒரு செடி கடலையைப் பிடுங்கி, இந்த வருஷம் காய் திரட்சி என்று சொல்லி, உரித்துத் தின்றுகொண்டே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இங்கே எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு பதில் வந்ததா என்று கேட்டீர்கள். நான் மூலையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்து உட்கார்ந்திருந்தேன்.

"வரலீங்க" என்றார்.

அப்புறம் எத்தனை முறை கேட்டீர்கள்! ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார்.

காற்று இல்லை, கடியாரம்தான். இதோ அந்தக் கடிதம், சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். சொன்ன சொல்படி நான் இப்போது படியிறங்குகிறேன். நாளை முதல் பத்திரிகையை வாசலில் கொண்டுவந்து கொடுங்கள். கடிதம் உங்களுக்கு. எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன்.