நாக்கில் நின்ற பால் சர்க்கரை

போன வருஷம் தவக்காலத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் இது நடந்தது.

சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். பையில் கருவாடு, கொஞ்சம் முந்திரி, அடியில் என் ஆஸ்துமா மருந்தும் அதை உறிஞ்சுகிற குழாயும். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி வறுக்கிற புகையில் வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் நான். அந்தப் புகை நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மருந்து கேப்ஸ்யூலாக இருக்கும். ஆனால் விழுங்கக் கூடாது. குழாயில் போட்டுத் திருகினால் கூடு உடையும், உள்ளே இருக்கிற பொடியை வாயால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். தினமும் காலை, மாலை இழுத்தால் என் நெஞ்சு சொன்னபடி கேட்கும்.

ஆனால் அன்றைக்கு அந்தக் குழாய் பையில் இருந்தது மகள் கண்ணில் காட்டுவதற்குத்தான். நான் மருந்தை நிறுத்தி ரெண்டு வாரம் ஆகியிருந்தது.

காரணம் இதுதான். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்து பிழைக்க மாட்டாள் என்று கைவிட்டுவிட்டார்கள். நான் மாதா முன்னால் முட்டிபோட்டு, இவளை எனக்குக் கொடு, உயிர் இருக்கும்வரை தவக்காலத்தில் பாலும் சர்க்கரையும் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். அன்றிலிருந்து ஒரு வருஷம்கூட அந்த வார்த்தை தவறியதில்லை. கல்யாண வீட்டுப் பாயசத்தைவிட எனக்குப் பால் டீ பெரிது. அதையே விட்டவள் நான்.

மருந்தை இழுத்ததும் நாக்கில் லேசாக ஒரு இனிப்பு தட்டும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்க வராது; நாக்குக்குத் தெரியும். இந்த மருந்து எழுதிக்கொடுத்த பிறகு வந்த முதல் தவக்காலம் அது. அது தொடங்குகிற விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மெடிக்கல் ஷாப்பில் நின்றபோது கேட்டேன். கடைக்காரர், "அதுல மருந்து துளியூண்டுதாங்க. மிச்சமெல்லாம் பால் சர்க்கரை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பாலும் சர்க்கரையும், ஒரே பேரில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று சாயங்காலமே நிறுத்தினேன். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. மாதா பார்த்துக்கொள்கிறாள் என்று நிமிர்ந்துதான் நடந்தேன். அப்புறம் படியேறினால் நெஞ்சில் விசில் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நேர்ச்சையைக் கேலி பேசுவார்கள்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. ரோட்டோரம் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவ்வளவுதான். உள்ளே போன மூச்சு வெளியே வரமாட்டேன் என்றது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் பட்டையாக விபூதி. "ஆஸ்துமாவாம்மா? மருந்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டு, நான் தலையாட்டியதும் பையில் கைவிட்டுக் குழாயை எடுத்துவிட்டாள். நான் அவள் கையைத் தள்ளினேன்.

"வேணாம்... ஒருசந்தி... பால் சர்க்கரை... தொடமாட்டேன்."

இதில் ஏது பால் என்று கேட்பாள் என நினைத்தேன். அவள் கண்ணை அகட்டி என்னைப் பார்த்தாள்.

"இதுல பால் சர்க்கரை இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நான் பாடம் நடத்துற பிள்ளைங்களுக்கே மறந்துபோவுது!"

சிதம்பரத்தில் மருந்து செய்கிற படிப்பு சொல்லித்தருகிற டீச்சராம். எந்தப் பொடியில் மருந்தை ஏற்றி அனுப்பலாம் என்று பார்ப்பதுதான் அவள் வேலையாம். உடனே கேட்டாள், "பால் குடிச்சா உங்களுக்கு ஒடம்பு தடிக்குமா? மூஞ்சி வீங்குமா?"

எனக்கு அந்த மூச்சிலும் கோபம் வந்தது. "எனக்கா? மத்த நாள்ல... சொம்போட குடிப்பேன்."

"அப்ப பயமில்ல. ஒத்துக்காதவுங்களுக்குத்தான் டாக்டர் வேற யோசிக்கணும். இழுங்க."

"மாட்டேன்."

அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். "ஆயா, எறங்கி ஆட்டோ புடிச்சிக்கிறியா?"

"நீ எறங்குடா," என்றேன். அதைச் சொன்னதில் மிச்சமிருந்த மூச்சும் போனது.

அந்தப் பெண் என் முகத்தருகே குனிந்தாள். "அம்மா, எனக்கும் இன்னிக்கு ஒருசந்திதான். பிரதோஷம். சாயங்காலம் பூஜை முடிஞ்சாத்தான் சாப்பாடு. காலைல தைராய்டு மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன். அதுலயும் இதே பால் சர்க்கரைதான். எங்க சாமி ஒண்ணும் சொல்லல. உங்க மாதா சொல்லுவாங்களா?"

"எம்பொண்ணுக்காக... நேந்தது. முறிச்சா... அவளுக்கு ஆவாது."

"எங்க உங்க பொண்ணு?"

"சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல... நிக்கிறா."

"நிக்கிறாளா? அவகிட்ட உங்கள என்னன்னு சொல்லி நான் ஒப்படைக்கிறது?"

அவளே ஒரு கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகி நீட்டினாள். குழாயை வாங்கி வாயில் வைத்தேன். முதல் இழுப்பில் பலமே இல்லை. "இழுங்கம்மா, இன்னும் இழுங்க!" என்று அவள் கத்த, "இழு ஆயா, இழு!" என்று கண்டக்டர் கத்த, பின்சீட்டு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். தேர் இழுக்கிற மாதிரி பஸ்ஸே எனக்காகச் சத்தம் போட்டது. இழுத்தேன். நாக்கில் இனிப்பு தட்டியது. மகளே, உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நெஞ்சு கொஞ்சம் வழி விட்டது. முழுக்க விடவில்லை. டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தாமல் நேராகச் சிதம்பரம் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் என் இடுப்பில் கைகொடுத்து, இன்னொரு கையில் கருவாட்டுப் பையோடு, தான் விரதக்காரி என்பதையும் பார்க்காமல், உள்ளே கூட்டிப்போனாள். மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்தார்கள். என் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டதும் அவள்தான்.

மகள் வரும்வரை என் கையை விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். "மருந்து ரொம்ப மெல்லிசும்மா. தனியா விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கூட்ட விட்டே வராது. அதான் கொஞ்சம் பெரிய துகளு மேல ஏத்தி அனுப்புறோம். ஜாஸ்தி புடிச்சிக்கிற பொடின்னா, மருந்தை விடாம தானும் சேந்து தொண்டையிலயே நின்னுடும். புடிப்பே இல்லன்னா, மருந்து கூட்டுக்குள்ளயே உதுந்துடும். வர்ற வரைக்கும் புடிச்சிருந்து, நீங்க இழுக்கிற நேரத்துல விட்டுடணும். மருந்து நெஞ்சுக்குப் போயிடும், பால் சர்க்கரை நாக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். எத்தனையோ பொடி பாத்தாச்சு. இதுமாதிரி தோதா வர்றது கொஞ்சந்தான்."

மகள் ஓடிவந்தாள். கல்லுமாதிரி நன்றாகத்தான் இருந்தாள். விஷயம் தெரிந்ததும், "எனக்காகவாம்மா மூச்ச நிறுத்துன?" என்று என்னைத் திட்டிக்கொண்டே அழுதாள். அந்த அமளியில் திரும்பிப் பார்த்தேன். கட்டிலோரம் பை ஒழுங்காக இருந்தது. அந்தப் பெண்ணைக் காணோம். பேர்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்றால்கூட அன்றைக்கு வாங்கியிருக்க மாட்டாள்.

ஊருக்கு வந்ததும் எங்கள் பங்குச் சாமியார் சிரித்தார். "மருந்துக்கு எப்பவும் விலக்கு உண்டும்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" உங்களிடம் எதற்குக் கேட்க வேண்டும், நேர்ந்தது மாதாவிடம் என்றேன். இந்தத் தவக்காலத்திலும் பால், சர்க்கரை தொடவில்லை, வரக்காப்பிதான். மருந்தை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. என் வார்த்தை எனக்கு இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது.

காலையில் அந்தப் பொடியை இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்கும் முன்னால், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். மருந்தை உள்ளே அனுப்பிவிட்டு நாக்கிலேயே நின்றுவிட்ட அந்த இனிப்பில், என்னை மகள் கையில் சேர்த்துவிட்டு அதோடு நின்றுவிட்ட அந்த டீச்சரின் முகம் எனக்குத் தெரியும்.