அசாம் முயல்

சித்தப்பாவின் குவைத் விசாவுக்காக வீடே காத்திருந்த மாசி மாதத்தில், அவரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் வயல். சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது. கொழுந்து தின்ன வந்த முயலைச் சித்தப்பா வலை கட்டிப் பிடித்து, கோழி அடைக்கும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் குழம்பு என்று பேச்சு. எனக்கோ பொது அறிவு முற்றிப்போயிருந்த காலம். அசாம் பக்கத்துப் புல்காட்டில் ஒரு முயல் உண்டு, குட்டைக் காது, சொரசொரப்பான முடி, உலகத்தில் கொஞ்சம்தான் மிச்சம் என்று படித்திருந்தேன். பஞ்சாரத்துக்குள் இருந்ததும் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு, சேறு காய்ந்த முடியோடு பதுங்கியிருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவின் போனில் படம் பிடித்து, 'எங்கள் சித்தப்பா பிடித்த அழியப்போகும் முயல்' என்று எழுதி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

படம் யார் யார் போனுக்கோ போய், மதியத்துக்குள் வனக்காப்பாளர் வாசலில் நின்றார். கேஸ் விழுந்தால் போலீஸ் சர்ட்டிஃபிகேட் கிடைக்காது, விசாவும் போச்சு என்று அம்மா முணுமுணுத்தபோதுதான் நான் செய்தது உறைத்தது. சித்தப்பா கைகட்டி நின்றார். என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதேன்.

வனக்காப்பாளர் விசா விவரமெல்லாம் விசாரித்தார். என் அழுகையைப் பார்த்துவிட்டு, முயலை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார்.

"பாப்பா, நீதானே படம் போட்டது? நல்லா பாத்து சொல்லு. காது நீளமா, குட்டையா?"

காது இப்போது நிமிர்ந்திருந்தது. பிடரியில் கறுப்பாக ஒரு திட்டு. நீளம் என்றேன்.

"அப்ப இது அசாம் முயல் இல்ல, நம்மூரு முயல்தான். இது எங்கயும் இருக்கு." பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். "வயல்ல விட்டுடுங்க. இனிமே வலையத் தொடாதீங்க."

"வயித்துல பால வாத்தீங்க சார்" என்று சித்தப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முயல் வரப்பு தாண்டி ஓடும்வரை நின்று பார்த்துவிட்டு, வலையை எடுத்துக்கொண்டு வனக்காப்பாளர் போனார்.

சித்தப்பா குவைத் போனார். என் ஒரு சொல்லால்தான் அவர் பிழைத்தார் என்று வெகுகாலம் பீற்றிக்கொண்டேன். கல்லூரியில் விலங்கியல் எடுத்த பிறகுதான் தெரிந்தது, எங்கும் இருக்கிற நம்மூர் முயலைப் பிடித்தாலும் கேஸ்தான் என்று. காது எவ்வளவு நீளம் என்று சட்டம் கேட்பதில்லை. அழுதுகொண்டிருந்த எனக்காகத்தான் வனக்காப்பாளர் அதைக் கேட்டிருக்கிறார்.