கிணத்துக்காரியை நாங்கள் வரைந்த கோடை

எவர்சில்வர் தட்டில் பகடை உருளும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். நான் ஏழாவது முடித்த கோடை விடுமுறையில், செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு மாடி அறையில் அந்தச் சத்தம் ஓயாமல் கேட்டது. வெளியே மலைப்பாறை சூடேறி அனல் அடிக்கும்; "மத்தியானத்துல எங்கயும் சுத்தாதீங்க, வெயில் ஜாஸ்தி" என்று அம்மா கதவைச் சாத்திவிடுவாள்.

சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தான். அவன் கதை சொல்ல, நாங்கள் அதற்குள் வீரர்களாகப் போவோம். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். நாங்கள் என்றால் நானும், கீழ் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த கவிதாவும். அவளுக்கு அம்மா இல்லை, சித்தி வளர்க்கிறாள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

விளையாட்டுப் புத்தகத்து டிராகன்கள் சலித்துப்போன ஒரு நாள், "நம்ம ஊர் பேய் ஒண்ணு வேணும்" என்றான் அண்ணன். கவிதா அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். நான் முந்திக்கொண்டு, வேங்கிக்காலிலிருந்து பஸ்ஸில் வரும் வகுப்புத் தோழிகளிடம் கேட்டிருந்த "கிணத்துக்காரி" கதையைச் சொன்னேன். வயல்கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தி, ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளை அவரவர் அம்மா குரலில் கூப்பிடுவாளாம். அண்ணன் அவளை ஒரு அட்டையில் வரைந்து, பாதங்களைப் பின்பக்கம் திருப்பிவைத்து, ஓரத்தில் சண்டைக் கணக்குக்காக உயிர் நாற்பது, பலம் பதினெட்டு என்று எழுதினான். "கண்ணு வெள்ளையா வை" என்று நான் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கவிதா வந்தபோது அண்ணன் அந்த அட்டையைத் தட்டின் பக்கத்தில் வைத்தான். நான் குரலை மாற்றி, கண்ணை உருட்டி, கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். அவள் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தபடியே இருந்தாள்.

"எந்தக் கிணறு?"

"வேங்கிக்கால் தாண்டி, புளியமரத்துக் கிணறு."

"அது எங்க கிணறு. மோட்டார் ஓடலைன்னு அம்மா படியில எறங்கினாங்க. பாசி வழுக்கிடுச்சு. அவ்ளோதான்." பிறகு படத்திலிருந்த பாதத்தை விரலால் தொட்டாள். "அம்மா கால் இப்டி இல்ல. வெடிப்பு இருக்கும்."

அண்ணன் கை நீட்டினான். "குடு கவிதா, வேற விளையாடலாம்."

அவள் கொடுக்கவில்லை. "சண்ட போடாம இதுகிட்ட பேசலாமாண்ணா?" என்று கேட்டாள். எங்கள் விளையாட்டில் பேய் பேச வேண்டியதை அண்ணன்தான் பேச வேண்டும். அவன் தயங்கித் தலையாட்டினான்.

கவிதா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "என்னை ஏம்மா கூட்டினு போவல?"

அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. எழுந்துபோய் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியருகே முதுகைக் காட்டி நின்றுகொண்டான். கவிதா பதிலுக்காக என் பக்கம் திரும்பினாள். நான் பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

அட்டையோடு அவள் கீழே இறங்கிப் போனாள். சாயங்காலம் அவள் சித்தி மேலே வந்து, குரலை உயர்த்தாமல் அம்மாவிடம் சொன்னாள்: "எங்க அக்காவ பேய்னு சொல்றாங்கன்னுதாங்க அந்த ஊர விட்டே வந்தோம். இங்கயுமா?"

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய டெம்போவின் பின்னால், பாய்ச்சுருள்களுக்கு நடுவே கவிதா உட்கார்ந்திருந்ததை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

இப்போது வேங்கிக்காலில்தான் எனக்கு வேலை. புளியமரத்தை வெட்டி, கிணற்றைத் தூர்த்து, மனை போட்டு விற்றுவிட்டார்கள். அந்த இடத்தில் இரண்டு தெருக்கள், கார்கள் நிற்கும் புது வீடுகள். அங்கே ஒருத்தி பாசியில் வழுக்கி விழுந்துதான் செத்தாள் என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. அண்ணனும் நானும் இதைப் பற்றி இதுவரை பேசியதில்லை. கவிதா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தேடினேனா என்றால், தேடவில்லை.