மூலைக்கு மூலை மடிந்த செவ்வகம்

மதினியின் பைபிளுக்குள் ஒரு மஞ்சள் பளபளப்புத் தாள் இருக்கிறது. உள்ளங்கை அளவுச் செவ்வகம். மூலைக்கு மூலை ஒரு மடிப்பு. கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒட்டியதில் மிஞ்சியது. போன வாரம் அது கண்ணில் பட்டதும் பழைய படபடப்பு அப்படியே வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் கன்னியர் நடத்திய ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு மதினியை மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்: "இந்த ஒரு தடவதான். கெடைக்கலேன்னா பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்ல இரு. அப்புறம் வேல கீலன்னு பேச்செடுக்கக் கூடாது." மதினி கத்தரிக்கோலை எடுத்துத் தாள் வெட்ட உட்கார்ந்தாள்.

பாடம் சமச்சீர்க் கோடு. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். நின்றால் பிள்ளை அழும், நடந்தால்தான் வாயை மூடும். எனக்கும் அதுதான் வசதி. சும்மா நிற்க என் கால்கள் என்றைக்குமே சம்மதித்ததில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி ஜன்னல் ஜன்னலாக வகுப்பைப் பார்த்தேன். சதுரத்தை நாலு விதமாக மடித்து, பாதியும் பாதியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதைக் காட்டினாள். கடைசி பெஞ்சில் இருந்த தலைமையாசிரியை சிஸ்டர் தலையாட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். அடுத்த ஜன்னலுக்கு வருவதற்குள் கரும்பலகையில் செவ்வகத்துக்கும் நாலு கோடு போட்டிருந்தாள். நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, மூலைக்கு மூலை இரண்டு. நிலக்கோட்டைக்காரிக்கு அது கைப்பழக்கம். மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிக்க, சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து இடுப்பில் மடி கட்டியே வளர்ந்தவள். நாலு மூலை கண்டால் கை தானாக அப்படித்தான் மடிக்கும். சிஸ்டர் அதற்கும் தலையாட்டினார். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் மஞ்சள் செவ்வகத்தை மடித்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். "டீச்சர், சேர மாட்டேங்குது. ரெண்டு காதும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிது." வகுப்பே சிரித்தது. ஒழுங்கா மடி, உக்காரு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அட, சொல்லித் தொலையேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவித்தேன். மதினி தாளை வாங்கித் தானே மடித்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பலகைக்குப் போய் இரண்டு கோடுகளை அழித்தாள். "டீச்சர் போட்டது தப்பு. ரெண்டு பாதியும் அளவு ஒண்ணுதான், ஆனா பொருந்தல. செவ்வகத்துக்கு ரெண்டே கோடுதான். எல்லாரும் மடிச்சுப் பாருங்க."

"சொல்லி அனுப்புறோம்" என்றார் சிஸ்டர். வீட்டில் தபால்காரர் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நான்தான் ஓடினேன். அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. அண்ணன் சொன்னதைச் செய்தான். அதன்பிறகு மதினி எந்த வகுப்பிலும் கால் வைக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அண்ணன் டியூஷன்தான் வைத்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "அன்னைக்குச் செத்த நேரம் வாய மூடியிருந்தா, இந்நேரம் நீங்க ஹெச்.எம்.மாவே ஆயிருப்பீக மதினி."

அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. "நான் எடுத்த ஒரே வகுப்பு அது, புள்ள. அதையும் தப்பா எடுத்துட்டு வரச் சொல்றியா?"

உள்ளேயிருந்து அண்ணன் காபி கேட்டான். மதினி எழுந்து போனாள். எனக்கு உட்கார முடியவில்லை. நின்றபடியே அந்த மஞ்சள் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். காது இரண்டும் வெளியேதான் நீட்டிக்கொண்டு நின்றன.